மூன்று பட்டியல்கள் பிறந்த கதை

காசிக்கோ வேளாங்கண்ணிக்கோ யாத்திரை போனால் அது மாநில அரசு சட்டம் போட வேண்டிய விஷயம். மெக்காவுக்கோ எருசலேமுக்கோ கிளம்பினால் மத்திய அரசின் விஷயம். ஏதோ ஒரு துறை அனுப்பிய சுற்றறிக்கையில் உள்ளதல்ல இது. அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியலில் 7-வது இனம், மத்தியப் பட்டியலில் 20-வது இனம். பிரித்துப் பாருங்கள், இன்னும் வேடிக்கையாக இருக்கும். பந்தயமும் சூதாட்டமும் மாநிலத்திடம். ஆனால் அரசு நடத்தும் லாட்டரி, அதை மாநில அரசே நடத்தினாலும், மத்தியப் பட்டியலில். சுடுகாடு, இடுகாடு, சந்தை, சத்திரம், பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் பவுண்டு எல்லாம் மாநிலத்துக்கு. போர், நாணயம், ரயில், தபால் டெல்லிக்கு. வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவர்களும் நாடோடிகளும் இருவருக்கும் பொது.

இப்படி உட்கார்ந்து, மாட்டுப் பவுண்டு வரைக்கும் யார் பங்கு பிரித்தார்கள்? 1947-க்கும் 1949-க்கும் இடையே அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு எழுதியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தக் குழுவின் கையில் வந்தபோதே பட்டியலில் பெரும்பகுதி தயாராக இருந்தது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் இதே மூன்று பட்டியல்கள் உண்டு. அங்கேயும் அது ஏழாவது அட்டவணைதான். அந்த 1935-க்கும் ஒரு முன்கதை இருக்கிறது. அது சுதந்திரத்தைப் பற்றியதோ சுயாட்சியைப் பற்றியதோ அல்ல. காசைப் பற்றியது.

மெட்ராஸுக்கு ஒரு காலத்தில் சொந்தமாகச் சட்டம் போடும் உரிமை இருந்தது. கோட்டையில் இருந்த கவர்னரும் அவர் கவுன்சிலும் போட்ட 1802-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளை வைத்துத்தான் இங்கே ஜமீன் நிரந்தரத் தீர்வே நடந்தது. 1833-ல் லண்டனில் கொண்டுவந்த பட்டயச் சட்டம் அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. அதன்பின் திருநெல்வேலிக்கு ஒரு சட்டம் தேவையென்றாலும் கல்கத்தாவில்தான் போட வேண்டும். 28 ஆண்டுகள் கழித்து, 1861-ல், மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் சட்டம் போடும் அதிகாரம் திரும்பி வந்தது. காசு மட்டும் திரும்பவில்லை. மாகாணம் ஒரு சாலை போட வேண்டுமானாலும், புதிதாக ஒரு ஆளை வேலைக்கு வைக்க வேண்டுமானாலும் மேலே எழுதிக் கேட்க வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதுதான் அன்றைய நிதி நிர்வாகத்தின் ஒரே விதி. அதிகச் சத்தம் போட்ட மாகாணத்துக்கு அதிகப் பணம் போயிற்று. சிக்கனமாக இருந்தவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இதை அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகளே புலம்பி எழுதி வைத்திருக்கிறார்கள்.

1857 கலகத்தை அடக்கிய செலவு, அதன் பிறகு வந்த பற்றாக்குறைகள் என்று கஜானா தள்ளாடிக்கொண்டிருந்தபோது வைஸ்ராய் மேயோ பிரபு 1870 டிசம்பரில் ஒரு தீர்மானம் போட்டார். போலீஸ், சிறை, கல்வி, மருத்துவம், பத்திரப்பதிவு, சாலை, அரசுக் கட்டடங்கள் போன்ற துறைகளை மாகாணங்களிடம் விட்டுவிடுவது. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுவது. போதாவிட்டால் அவர்களே வரி போட்டுச் சமாளித்துக்கொள்ளட்டும். இன்றைய மாநிலப் பட்டியலின் முதல் நகல் அதுதான் என்பேன். வரவு கொடுக்கும் துறைகள் மேலே, செலவு வைக்கும் துறைகள் கீழே என்ற அந்தப் பழைய ஏற்பாட்டின் சாயல் இன்றும் போகவில்லை: வருமான வரியும் சுங்கமும் டெல்லியிடம், ஆஸ்பத்திரியும் போலீஸ் ஸ்டேஷனும் மாநிலத்திடம்.

அடுத்த படி 1919. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வந்து, மத்திய விஷயங்கள் இவை, மாகாண விஷயங்கள் இவை என்று விதிகளில் முதல்முறையாகப் பட்டியல் போட்டார்கள். மாகாணத்துக்குக் கொடுத்ததை அங்கேயே இன்னொரு முறை இரண்டாக வெட்டினார்கள். போலீஸ், நிலவரி, நீதி, பாசனம் கவர்னரின் கையில் இருக்கும் 'ஒதுக்கப்பட்ட' துறைகள். கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி ஆகியவை தேர்தலில் வந்த மந்திரிகளுக்கு. இதற்கு இரட்டையாட்சி என்று பெயர். நீதிக்கட்சி மந்திரிசபை 1920 டிசம்பரில் மெட்ராஸில் பதவியேற்றபோது அதில் கே.வி. ரெட்டி நாயுடு ஒரு மந்திரி. சில ஆண்டுகள் கழித்து, 1924-ல், இந்தச் சீர்திருத்தம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்க முடிமன் குழு வந்தது. ரெட்டி நாயுடு அதன் முன்னால் சொன்னது இன்றும் கூட்டாட்சி பற்றிப் பேசுகிறவர்கள் மேற்கோள் காட்டும் சாட்சியம். தான் அபிவிருத்தி மந்திரியாக இருந்ததாகவும், ஆனால் காடுகள் தன்னிடம் இல்லை என்றும் சொன்னார். விவசாய மந்திரி, ஆனால் பாசனம் வேறொருவரிடம்; விவசாயிக்குக் கடன் கொடுக்கும் சட்டமும் தன் கையில் இல்லை. தொழில் மந்திரி, ஆனால் தொழிற்சாலை, கொதிகலன், மின்சாரம், சுரங்கம், தொழிலாளர் ஆகிய எதுவும் தன்னைச் சேர்ந்ததல்ல. குறையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடவில்லை அந்த மனிதர். 1937-ல் சில மாதங்கள் மெட்ராஸின் இடைக்காலப் பிரதமராகவே இருந்தார்.

1919 ஏற்பாட்டில் இன்னொரு ஓட்டை உண்டு, அதிகம் பேசப்படாதது. மத்திய சட்டசபை மாகாண விஷயத்தில் கைவைத்தாலும், மாகாணம் மத்திய விஷயத்தில் கைவைத்தாலும், அந்தக் காரணத்துக்காக அந்தச் சட்டம் செல்லாது என்று எந்தக் கோர்ட்டிலும் வாதிட முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பட்டியல் இருந்தது, வேலி இல்லை. அப்படிப்பட்ட பிரிவினை மேலதிகாரியின் தயவில் நடப்பது. அதைக் கூட்டாட்சி என்று சொல்ல முடியாது.

வேலி போட வேண்டிய கட்டம் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் வந்தது. வந்தவுடன் ஒரு கேள்வி எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது: பட்டியலில் எழுதாமல் விட்டுப்போனது யாருக்கு? இன்றைக்கு இல்லாத ஒரு தொழில், ஒரு வியாபாரம், ஒரு வரி நாளைக்கு முளைத்தால் அது யார் வீட்டுச் சொத்து? மற்ற நாடுகள் இதற்குப் பதில் சொல்லியிருந்தன, ஒரே பதிலல்ல. அமெரிக்காவில் மிச்சமெல்லாம் மாநிலங்களுக்கு. 1791-ல் சேர்த்த பத்தாவது திருத்தம் அதை உறுதி செய்தது. கனடா 1867-ல் மிச்சத்தை மத்திய அரசிடம் கொடுத்தது. பக்கத்து நாட்டில் மாநில உரிமை என்ற பேச்சு உள்நாட்டுப் போரில் போய் முடிந்ததைப் பார்த்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆஸ்திரேலியா 1901-ல் திரும்பவும் மாநிலங்களின் பக்கம் சாய்ந்தது.

லண்டனில் கூடியவர்கள் இந்த நாடுகளை வைத்து வாதிட்டாலும் மனதில் இருந்தது வேறு கணக்கு. முஸ்லிம் தலைவர்கள் மிச்சம் மாகாணங்களுக்கு என்றார்கள். பஞ்சாபிலும் வங்காளத்திலும் தங்கள் பெரும்பான்மைக்கு அதுதான் பாதுகாப்பு. இந்துத் தலைவர்கள் மத்திக்கு என்றார்கள், அதே காரணத்தைத் திருப்பிப் போட்டு. யாரும் இறங்கி வரவில்லை. பிரிட்டிஷார் கண்டுபிடித்த வழி இதுதான்: மிச்சமே இல்லாதபடி எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிடுவது. மத்திக்கு 59 இனங்கள், மாகாணத்துக்கு 54, இருவருக்கும் பொதுவாக 36. அப்படியும் ஏதாவது தப்பி விழுந்தால் அதை யாருக்குக் கொடுப்பது என்று கவர்னர் ஜெனரல் தன் விருப்பப்படி தீர்மானிப்பார். 104-வது பிரிவு அதற்கென்றே எழுதப்பட்டது. அமெரிக்க அரசியல் சட்டம் தன் காங்கிரசுக்கு 18 வாசகங்களில் அதிகாரம் கொடுத்து முடித்துவிட்டது. நம்முடையது மாட்டுப் பவுண்டு வரை நீண்டதற்குக் காரணம் நிர்வாகத் திறமை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருவரையொருவர் நம்பாத இரண்டு தரப்புகளுக்கு நடுவே எழுதப்பட்ட பாகப்பத்திரம் அது. பாகப்பத்திரத்தில்தான் கொல்லைப்புறத்துக் கிணற்றுப்படிவரை எழுதுவார்கள்.

1935 சட்டத்தை வாசகம் வாசகமாக வரைந்தவர்களில் முக்கியமானவர் மாரிஸ் குவயர். 1937-ல் டெல்லியில் கூட்டாட்சி நீதிமன்றம் திறந்தபோது அதன் முதல் தலைமை நீதிபதியாக வந்தவரும் அவரே. நாடாளுமன்றக் கட்டடத்தில் மன்னர்கள் மன்றம் கூடும் அறையில் அந்த நீதிமன்றம் உட்கார்ந்தது. தான் வரைந்த பட்டியலுக்குத் தானே பொருள் சொல்லும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வந்த முதல் வழக்கே பெட்ரோல். நாக்பூரைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணம், சில்லறையில் விற்கும் பெட்ரோலுக்கும் மசகு எண்ணெய்க்கும் 5 சதவீதம் வரி போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. டெல்லி ஒப்புக்கொள்ளவில்லை. உற்பத்தி வரி எங்களுடையது. ஒரு பொருள் தயாராகி நுகர்வோர் கைக்குப் போகும்வரை எந்தக் கட்டத்தில் போட்டாலும் அது உற்பத்தி வரிதான் என்றது. மாகாணமோ, பொருள் விற்பனை மீதான வரி என்று எங்கள் பட்டியலில் தனியாக எழுதியிருக்கிறதே என்றது. இரண்டும் பட்டியலில் இருந்தன. இரண்டும் ஒரே பெட்ரோலின் மேல் வந்து விழுந்தன.

குவயரும் உடனிருந்த நீதிபதிகள் சுலைமானும் ஜெயகரும் மாகாணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். டெல்லியின் வாதத்தை அப்படியே ஏற்றால் மாகாணத்துக்குக் கொடுத்த விற்பனை வரி வெறும் எழுத்தாகிவிடும். ஒரு இனத்துக்குப் பொருள் சொல்லும்போது இன்னொரு இனம் செத்துப்போகக் கூடாது என்பது அவர்கள் நியாயம். பட்டியல் சண்டைகளில் இன்றும் உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொள்ளும் கொம்பு அதுதான்.

இந்தத் தீர்ப்பின் பலன் மெட்ராஸுக்குக் கிடைத்தது. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரித்துக்கொண்டிருந்தார். கள்ளுக்கடையிலிருந்தும் சாராயத்திலிருந்தும் வந்த ஆயத்தீர்வை போயிற்று. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். ஒன்றிரண்டு பொருளுக்கு என்றில்லாமல், வியாபாரியின் மொத்த விற்பனை மீது போட்ட அப்படியொரு வரி இந்தியாவில் அதுவே முதல். கடைக்காரர்கள் கொதித்தார்கள். கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் வியாபாரிகள், செக்கிலிருந்து இறங்கிய எண்ணெயை முதல்முறை விற்பதற்கு வரி கேட்டால் அது உற்பத்தி வரிதானே, மாகாணம் எப்படி வாங்கலாம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 1942-ல் கூட்டாட்சி நீதிமன்றம் மெட்ராஸுக்கே தீர்ப்புச் சொன்னது. டெல்லி சர்க்கார் தானே மெட்ராஸ் மேல் வழக்குப் போட்டு, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1945-ல் அங்கேயும் தோற்றது. மாகாணங்கள் தங்கள் காலில் நிற்க முடியும் என்பதற்கு அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு ஆதாரமாக இருந்தது அந்த விற்பனை வரிதான்.

1946-ல் கதை திரும்பியது. நாட்டைப் பிரிக்காமல் ஒன்றாக வைக்கும் கடைசி முயற்சியாக வந்த கேபினட் தூதுக்குழு, மத்திய அரசுக்கு மூன்றே மூன்று போதும் என்றது: வெளியுறவு, பாதுகாப்பு, போக்குவரத்துத் தொடர்புகள். அவற்றை நடத்தத் தேவையான பணம் திரட்டும் உரிமையும் உண்டு. மற்றதெல்லாம், மிச்சமும் சேர்த்து, மாகாணங்களுக்கு. நேரு 1946 டிசம்பர் 13-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்த இலட்சியத் தீர்மானத்திலும் எஞ்சிய அதிகாரங்கள் மாகாணங்களுக்கே என்று இருக்கிறது. இன்று மாநில சுயாட்சி கேட்பவர்கள் அதைவிட அதிகமாக எதையும் கேட்டுவிடவில்லை. அதே மாதம் அதே சபையில் அம்பேத்கர் எழுந்து, 1935-ல் இருந்ததைவிடப் பலமான மத்தி தனக்கு வேண்டும் என்று பேசினார். அன்று அது சிறுபான்மைக் குரல்.

பிறகு நடந்தது இரண்டரை மாதக் கதை. நேரு தலைமையில் ஒன்றிய அதிகாரங்கள் குழு 1947 ஏப்ரல் 17-ஆம் தேதி முதல் அறிக்கையைக் கொடுத்தது. தூதுக்குழு சொன்ன சில விஷயங்களை எவ்வளவு இழுத்தாலும் எவ்வளவு நீளும் என்று பார்த்த அறிக்கை அது. ஜூன் 3-ஆம் தேதி பிரிவினை அறிவிப்பு வந்தது. ஜூலை 5-ஆம் தேதி அதே குழு இரண்டாவது அறிக்கை கொடுத்தது. பிரிவினை முடிவாகிவிட்டதால் பழைய கட்டுப்பாடு இனி இல்லை, பலவீனமான மத்தி நாட்டின் அமைதிக்கே கேடு, மூன்று பட்டியல் இருக்கட்டும், மிச்சம் மத்திக்குப் போகட்டும் என்றது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி, சுதந்திரம் கிடைத்து ஐந்தாம் நாள், அதைச் சபையில் முன்வைத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராக இருந்த என். கோபாலசாமி ஐயங்கார். முதல் அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆள் மாறவில்லை, குழு மாறவில்லை, தலைவர் மாறவில்லை. பஞ்சாபில் ரயில்கள் பிணங்களோடு வந்துகொண்டிருந்தன.

அந்த விவாதத்தில் எதிர்த்துப் பேசியவர்களில் மெட்ராஸைச் சேர்ந்த கே. சந்தானமும் ஒருவர். அதிகாரங்களை மேலே குவித்துக்கொண்டே போனால் மத்தி பலமாகிவிடும் என்பது கிட்டத்தட்ட ஒரு பித்து என்றார் அவர். என் மக்களைப் படிக்க வைக்க முடியவில்லை, சாலை போட முடியவில்லை, ஏதாவது கொடுங்கள் என்று மாகாணம் மத்தியின் வாசலில் போய் நிற்கும் அரசியல் சட்டம் தனக்கு வேண்டாம் என்றும் சொன்னார். காங்கிரஸ்காரர்தான், பிரிவினைவாதி என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. சபை கேட்டுக்கொண்டது. 1949 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஒவ்வொரு இனமாக எடுத்து நிறைவேற்றினார்கள். முடிவில் மத்தியப் பட்டியலில் 97, மாநிலத்தில் 66, பொதுவில் 47. 97-வது இனம்தான் அந்த மிச்சம். பொதுப் பட்டியலில் இருவர் சட்டமும் மோதினால் பொதுவாக மத்திய சட்டமே நிற்கும் என்று 254-வது பிரிவு சொன்னது. மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

1947 கோடையில் அவர்கள் பயந்ததை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. அந்தப் பயம் தீர்ந்த பிறகும் பட்டியல் ஒரே திசையில் நகர்ந்ததுதான் கேள்விக்குரியது. 1954-ல் உணவுப்பொருள், தீவனம், பருத்தி, சணல் எல்லாம் பொதுப் பட்டியலின் 33-வது இனத்துக்குள் வந்தன. பெரிய நகர்வு நெருக்கடி நிலையின்போது. 42-வது திருத்தம் கல்வி, காடு, வனவிலங்குப் பாதுகாப்பு, எடையளவு, கீழ்க்கோர்ட்டுகளின் அமைப்பு ஆகிய ஐந்தையும் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் போட்டது. ஏழாவது அட்டவணையைத் திருத்த நாடாளுமன்றம் மட்டும் போதாது, பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டிடம் கேட்கக்கூட வழியில்லை. 1976 ஜனவரி 31-ஆம் தேதி திமுக ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். திருத்தம் வந்தபோது இங்கே சட்டமன்றமே கிடையாது. நீட் தேர்வைப் பற்றி இன்று நடக்கும் சண்டைக்கு அந்த ஆண்டும் ஒரு வேர். இன்னொரு வேர் 1950-லேயே இருக்கிறது: உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலின் 66-வது இனம்.

திரும்பக் கேட்காமல் இருந்துவிடவில்லை. கலைஞர் அரசு 1969-ல் அமைத்த ராஜமன்னார் குழு 1971-ல் அறிக்கை கொடுத்தது. பட்டியல்களைத் திருத்தி எழுத வேண்டும், எஞ்சிய அதிகாரம் மாநிலங்களிடம் வர வேண்டும் என்றது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் அதையொட்டித் தீர்மானம் போட்டது. மத்திய அரசு 1983-ல் சர்க்காரியா கமிஷனையும் 2007-ல் புஞ்சி கமிஷனையும் போட்டது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு மறுபடி நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. இத்தனை அறிக்கைகளுக்கு நடுவே மத்தியப் பட்டியலிலிருந்து மாநிலப் பட்டியலுக்கு ஒரு இனமும் இடம் மாறவில்லை.

விற்பனை வரியும் கடைசியில் போயிற்று. 101-வது திருத்தத்தின்படி 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. மாநிலங்களுக்கு அதில் லாபமே இல்லை என்று சொல்லக் கூடாது. அதுவரை டெல்லியிடமே இருந்த, சேவைகள் மீது வரி போடும் அதிகாரம் முதல்முறையாக அவற்றுக்கும் கிடைத்தது. ஆனால் விகிதத்தைத் தீர்மானிப்பது ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே முடிவெடுக்க முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். மத்திய அரசின் கையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. அது வேண்டாம் என்றால் எல்லா மாநிலங்களும் சேர்ந்தாலும் ஒன்றும் நடக்காது. மாநிலப் பட்டியலின் 54-வது இனத்தில் இப்போது ஆறு பொருள்களின் பெயர் இருக்கிறது: கச்சா எண்ணெய், டீசல், பெட்ரோல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள், மனிதர் குடிக்கும் மது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி கொண்டுவந்த வரி அது. இன்று தமிழ்நாடு அரசு அந்த வரியைப் பெரும்பாலும் வசூலிப்பது பெட்ரோல் பங்கிலும் டாஸ்மாக்கிலும்தான்.